பால் பரீட்சை

அந்தப் பையை மட்டும் காலால தள்ளிராத அம்மிணி. உள்ள ஏனம், பாத்திரம் இருக்குது, நசுங்கிரும். சீட்டுக்கு அடியில வேண்டா, உன்ற பக்கத்துலயே இருக்கட்டும். நீ சென்னை வரைக்குமா? நல்லதாப் போச்சு. ஈரோட்டுல ஏறினதுலேர்ந்து பாக்கறேன், நீ மடியில இருக்கற அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிகிட்ட ஏதோ கேக்கற, அது பதில் எழுதுது, நீ தலைய ஆட்டற, மறுபடியும் கேக்கற. பெத்தவ சொன்னாக்கூட இப்பிடித் தலையாட்டியிருக்க மாட்ட. கோவிச்சுக்காத. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எங்கூட்டுக்காரரே சொல்லுவார்.

அதைப் பத்தி இந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்னு நெனச்சுக்காத. என்ற பையனுக்கு அதுதான் சோலி. அதைச் செய்யற சோலி இல்ல, அளக்கற சோலி. இந்த மாதிரி மெஷினுக்கெல்லாம் புத்தி எவ்வளவு இருக்குதுன்னு அளந்து சொல்றதுக்குன்னே சென்னையில ஒரு கம்பெனி, ஏசி ரூம்புல ஒரு பட்டாளம். இஞ்சினியருக்குப் படிக்க வெச்சது இதுக்குத்தான் பாரு. துணி அளக்கறவன்கூட சாயங்காலம் இத்தனை மீட்டர்னு சொல்லிருவான். இவனுங்க வருசக்கணக்கா அளக்கறாங்க. எவ்வளவுடா வந்துதுன்னு கேட்டா, "அதாம்மா பிரச்சினை, எதை வெச்சு அளக்கறதுன்னே தெரியல"ங்கறான். எதை வெச்சு அளக்கறதுன்னு தெரியாதவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம்.

நாளைக்கு அவனுக்குக் கல்யாணம்.

ஆமா, நாளைக்குத்தான். ரிஜிஸ்டர் ஆபீசுல. ஒரே பையன். மண்டபம் இல்ல, சீர் இல்ல, சொந்தம் பந்தம், ஒறம்பரை சனம் ஒருத்தர் இல்ல. நான் வரமாட்டேன்னு சொல்லிப்புட்டேன். எங்கூட்டுக்காரர் நேத்தே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வண்டி ஏறிட்டார், அவருக்கு எப்பவும் அப்பிடித்தான், எங்க பந்தி போடறாங்களோ அந்தப் பக்கம் சாய்ஞ்சுக்குவார். நான் இன்னும் முடிவு பண்ணல. சென்னைக்குப் போறது வேற, கல்யாணத்துக்குப் போறது வேற. நாத்தனா வீடு வில்லிவாக்கத்துல இருக்குது. அங்க போய் உக்காந்துக்குவேன். யாரு என்ன கேப்பாங்க?

டீ வேண்டா தம்பி, போ. இது டீயா? அண்டா கழுவின தண்ணி.

எங்க விட்டேன்? புத்திய அளக்கறது. என்ற பையன் தரணி, தரணீதரன்னு பேரு, அவன் ஒரு நாள் எனக்கு விளக்கினான். "அம்மா, கணக்குப் போடறது, கடுதாசி எழுதறது, இதெல்லாம் தனித்தனி கெட்டிக்காரத்தனம். அதுல நூத்துக்கு நூறு வாங்குது. ஆனா முன்னப்பின்ன பாக்காத ஒண்ணைத் திடீர்னு எதுக்க வெச்சா, அதை யோசிச்சுச் சமாளிக்குதா? எந்தச் சோலியக் குடுத்தாலும் சமாளிக்கற பொதுவான புத்தி ஒண்ணு இருக்குதில்ல, அதைத்தான் அளக்கோணும். அது முடியல"ன்னான்.

அட, அதுக்குப் பேரு சாமர்த்தியம்டான்னேன். சாமர்த்தியம்னு ஒரு சொல்லு இருக்கறது தெரியாம இங்கிலீசுல மூச்சு வாங்கிட்டு இருக்கறாங்க. அதை அளக்கறதுக்கு எனக்கு ஒரு டம்ளர் காப்பி குடிக்கற நேரம் போதும்.

சிரிக்காத. எங்க கோபி பக்கத்துல விசாரிச்சுப் பாரு. என்ற அண்ணன் தம்பி வகையில, சித்தப்பன் பெரியப்பன் வகையில, பொண்ணு பாக்கப் போனா ருக்மணிய கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவாங்க. நான் கேள்வியே கேக்கமாட்டேன். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமான்னு கேக்கறதெல்லாம் கூமுட்டைங்க செய்யற சோலி. பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும்? என்ற பரீட்சை வேற. பொண்ணு வந்து காப்பி குடுத்துட்டு உக்காரும். வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் மாப்பிள்ளையப் பாக்க வெளிய வந்துருவாங்க. அப்ப நான், "குடிக்கத் தண்ணி வேணும், நானே எடுத்துக்கறேன், நம்மூடு மாதிரிதானே"ன்னு அடுப்படிக்குப் போவேன். அடுத்த சுத்துக் காப்பிக்கு அடுப்புல பால் இருக்கும், சின்னத் தீயில. நைசா அதைக் கூட்டி வெச்சுட்டு வந்துருவேன். வந்து அந்தப் பொண்ணுகிட்டயே பேச்சுக் குடுப்பேன். படிப்பு, காலேசு, கூட்டாளிங்க. அவ பட்டுச்சேலையில, அத்தனை பேர் முன்னாடி உக்காந்துக்கிட்டு பதில் சொல்லோணும். அந்த நேரத்துல அவளுக்கு ஒரு காது அடுப்படியில இருக்குதா? பால் கிளம்பற சத்தம், அந்த வாசம், அது தெரிஞ்சு எந்திரிச்சாளா? எந்திரிச்சா சாமர்த்தியசாலி. உக்காந்துக்கிட்டே இருந்தா, எவ்வளவு படிச்சிருந்தாலும் தண்டம்.

அவ்வளவுதான் பரீட்சை. எனக்கு எப்பவும் ஒரு காது அடுப்படியிலதான் இருக்கும். இப்பக்கூட இருக்குதுன்னு வெச்சுக்கோயேன்.

என்ற பெரியண்ணன் மருமக இப்பிடிப் பாஸ் பண்ணி வந்தவதான். எம்மெஸ்ஸி, காலேசுல தங்க மெடல். நான் தீயக் கூட்டி வெச்சுட்டு வந்து உக்காரல, அதுக்குள்ள எந்திரிச்சுட்டா. அப்பேர்ப்பட்ட புத்தி. கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து அந்த வீட்டுல ஒரு நாள் பால் பொங்கினதில்ல. அடுப்படிய விட்டு வெளிய வந்தாத்தானே பொங்கும்? மெடலை எங்க வெச்சாளோ, அதை யாரு பாத்தா. இப்பக்கூடப் போனா, "அத்தை, வாங்க"ன்னு அங்கிருந்தே குரல் குடுப்பா, மொகம் வெளிய வராது. தங்கமான புள்ள.

சரி, மெஷினுக்கு வர்றேன். தரணி முந்தின வருசத் தீபாவளிக்கு வந்தப்ப அதைக் கொண்டாந்தான். உன்ற பொட்டி மாதிரிதான். "அம்மா, என்ன வேணா கேளுங்க, தமிழ்லயே பேசும்"னான். நான் அசரல. அதுகிட்டச் சொன்னேன்: அடுப்புல பால வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன், காலிங்கராயன் வாய்க்கால் எப்பிடி வெட்டினாங்கன்னு எனக்கு விளக்கமாச் சொல்லு. அவ்வளவுதான். ஆரம்பிச்சுது பாரு. ராசா யாரு, கல்லு எங்கிருந்து வந்துது, வாய்க்கால் ஏன் வளைஞ்சு வளைஞ்சு போகுது, எத்தனை கிராமம் பாயுது. நானும் ம், ம்னு கொட்டறேன். அது பாட்டுக்குப் போகுது. பால் பொங்கி, வழிஞ்சு, சுண்டி, ஏனம் கருகி, ஊரே நாறியிருக்கும். ஒரு வார்த்தை, "அம்மா, பாலு"ன்னு கேக்கல.

இதாடா புத்தின்னு கேட்டேன். என்ற பையன் மொகத்தைப் பாக்கோணுமே. வெக்கப்படுவான்னு பாத்தா, கண்ணு விரிஞ்சுது. "அம்மா, இது அருமையான கேள்வி"ங்கறான். "எங்க ஆபீசுல இத்தனை பேரு உக்காந்து இப்பிடி ஒண்ணு யோசிக்கல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுது, கேக்காம கிடக்கறதக் கவனிக்குதான்னு பாக்கற மாதிரி யாரும் வெக்கல"ன்னு சொல்லி, அப்பவே எழுதி எடுத்துக்கிட்டான். என்ற பால் பரீட்சை அந்தக் கம்பெனியில போய் உக்காந்துக்கிச்சு. எட்டாவது படிச்சவ கேள்விய வெச்சு இஞ்சினியர் பட்டாளம் பொழைக்குது. எனக்கு ஒரு நன்றி உண்டா, ஒரு பொன்னாடை உண்டா?

அந்தத் தையில இவனுக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சோம். முதல்ல திருப்பூர்ல ஒரு இடம். ஹர்ஷினின்னு பேரு. பனியன் கம்பெனிக்காரங்க, மாளிகை மாதிரி வீடு. நான் தண்ணி குடிக்க உள்ள போனேன். போய்ப் பாத்தா, அங்க கேஸ் அடுப்பே இல்ல அம்மிணி. கண்ணாடிப் பலகை மாதிரி கரண்டு அடுப்பு. எந்தப் பித்தானை அமுக்கறதுன்னும் தெரியல, அதுமேல பாலும் இல்ல. ஒண்ணுமில்ல. காப்பி ஓட்டல்லேர்ந்து பிளாஸ்குல வந்திருக்குது. சரி, வேற வழி பாக்கலாம்னு தண்ணியக் குடிச்சுட்டு வந்து உக்காந்தேன். ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், அந்தப் புள்ள சடார்னு எந்திரிச்சு, "இருங்க அத்தை, அடுப்புல பால் பொங்கிரும், பாத்துட்டு வந்தர்றேன்"னு உள்ள ஓடுது.

எந்தப் பாலு? இல்லாத பாலு!

விசாரிச்சா, எல்லாம் அந்தத் தரகன் நஞ்சப்பன் சோலி. போற வீட்டுலயெல்லாம், "அந்தம்மா தண்ணி கேட்டு உள்ள போகும், வந்து உக்காந்ததும் பாலுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுரோணும்"னு பாடம் எடுத்திருக்கறான். சந்தையில மாட்டுக்குப் பல்லைத் தேச்சுக் கொண்டாந்து நிறுத்தறவன் மாதிரி. நல்லா நாலு கேள்வி கேட்டேன். அவன் கொஞ்சமும் கூசாம, "அதுக்கு நான் என்னங்க பண்ணறது? நீங்க எல்லா ஊட்டுலயும் ஒரே கேள்வியக் கேட்டா வெளிய தெரியத்தான் செய்யும். கேள்விய மாத்துங்க"ங்கறான். எனக்குப் புத்தி சொல்றான், தரகன்.

தரணிகிட்டச் சொன்னா அவன் விழுந்து விழுந்து சிரிக்கறான். "எங்க ஆபீசுலயும் இதேதாம்மா. நாம ஒரு கேள்வி வெச்சா, கொஞ்ச நாள்ல அது வெளிய போயிருது. அடுத்து வர்ற மெஷினு அதையெல்லாம் படிச்சுட்டு வந்துருது. பாஸ் பண்ணினா, புத்தியில பண்ணுச்சா, மனப்பாடத்துல பண்ணுச்சான்னு தெரியல"ன்னான். கொஞ்ச நாள் கழிச்சுப் புது மெஷினு ஒண்ணைப் போன்லயே பேச விட்டான். வாய்க்கால் கதை சொல்லுன்னேன். "அம்மா, முதல்ல அடுப்புல பாலைப் பாத்துட்டு வாங்க, பொறகு கதை"ன்னு சொல்லுச்சு. குரல்ல என்ன கரிசனம்ங்கற! நான் விடுவனா? மறுநாள், "கடையில பால் வாங்கிட்டு வந்து பிரிட்ஜுல வெச்சுட்டு உக்காந்திருக்கேன், கதை சொல்லு"ன்னேன். "முதல்ல அடுப்பை அணைச்சுட்டு வாங்கம்மா"ங்குது!

ஹர்ஷினி. அச்சு அசல் திருப்பூர் ஹர்ஷினி. பட்டுச்சேலை ஒண்ணுதான் கட்டல.

இதுக்கு நடுவுலதான் பெருந்துறை இடம் வந்துது. மேகலான்னு பேரு. மாட்டு டாக்டரு. ஆமா, மாட்டு ஆசுபத்திரி டாக்டரு. அதைச் சொன்னப்பவே எனக்குப் பிடிக்கல. ஆனா சாதகம் பொருந்திருச்சு, இவனும் போட்டோவப் பாத்துட்டுப் போலாம்னுட்டான். இந்தத் தடவை நஞ்சப்பனுக்குத் தெரியாம, வேற ஆளு மூலமாப் போனோம். பாடம் எடுக்க ஆளில்ல. கேஸ் அடுப்பு. அடுப்புல பால். சின்னத் தீயில. எல்லாம் கனகச்சிதம். கூட்டி வெச்சுட்டு வந்து உக்காந்து பேச்சுக் குடுத்தேன்.

பேசறா. நல்லாத்தான் பேசறா. சினை மாட்டுக்கு என்ன வைத்தியம், கன்னு போடற நேரத்துல எப்பிடி ஓடுவா, எல்லாம் சொல்றா. எந்திரிக்கல. எனக்கு இங்க சத்தம் கேக்குது, கிளம்பிருச்சுன்னு தெரியுது. அவ என்ற மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. புஸ்ஸுன்னு வழிஞ்சு தீய்ஞ்ச வாசம் நாங்க உக்காந்திருந்த ஆசாரம் வரைக்கும் வந்துருச்சு. அவங்கம்மா அலறிக்கிட்டு ஓடறாங்க. இவ அசையல. தோத்தாச்சு, முடிஞ்சுது, எந்திரிக்கலாம்னு நான் பையைத் தேடறேன். அப்ப அவ சொல்றா கேளு. இத்தனை பேர் முன்னாடி, சிரிச்சுக்கிட்டே சொல்றா:

"நான் சிம்முல வெச்சுட்டுத்தான் வந்தேனுங்க அத்தை. நீங்க தண்ணி குடிச்சுட்டு வந்த பொறகு தீய்ஞ்சிருக்குது. பால் பொங்கறது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்தவங்க ஊட்டுப் பாலு வீணாப் போகுதேன்னு நீங்க எந்திரிப்பீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

எப்பிடி இருக்குது? பரீட்சை வெக்கறவளுக்கே பரீட்சை! பொண்ணு பாக்க வந்த எடத்துல, மாப்பிள்ளையோட அம்மாவை! எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிருச்சு. இதுல கொடுமை என்னன்னா, என்ற பையன் சத்தம் போட்டுச் சிரிச்சுட்டான். எங்கூட்டுக்காரர் துண்டால வாயைப் பொத்திக்கிட்டார், சிரிப்பை மறைக்கறதா நெனப்பு. கார்ல வர்றப்ப நான் சொன்னேன், மார்க்கு சுழி, பெரிய சுழின்னு. அடுப்புல பால் பொங்கறது தெரிஞ்சும் எந்திரிக்காதவளுக்கு என்ன சாமர்த்தியம்? தெரியாம உக்காந்திருந்தாலாவது மன்னிக்கலாம். தரணி கண்ணாடிக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தான். மெள்ளச் சிரிச்சுக்கிட்டு வந்தான்.

பொறகு என்ன, போனு. ராத்திரி பகல் போனு. சித்திரையில வந்து, "அம்மா, நான் மேகலாவைத்தான் கட்டிக்கறேன்"ன்னான். அதே நாள் அந்த மெஷினையும் கொண்டாந்திருந்தான், இன்னும் புதுசா ஒண்ணு. அது பிரிட்ஜுப் பாலுக்கு ஏமாறல. தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போட்டுட்டு வந்தேன்னு சொல்லிப் பாத்தேன், மோட்டாரை நிறுத்தச் சொல்லுச்சு. துணி காயப்போட்டிருக்கேன், வானம் இருட்டிட்டு வருதுன்னேன், போய் எடுத்துட்டு வாங்கன்னுச்சு. இதையும் எவனோ சொல்லிக் குடுத்திருக்கறான்னேன். அப்பத்தான் அவனுக்குக் கோவம் வந்துருச்சு.

"தோத்தாப் புத்தி இல்லைங்கறீங்க. ஜெயிச்சாச் சொல்லிக் குடுத்ததுங்கறீங்க. என்ன பண்ணினா ஒத்துக்குவீங்க?"

"மெஷினைக் கேக்கறயா, அந்தப் புள்ளையக் கேக்கறயா?"

"ரெண்டையுந்தான்."

"புத்தி இருந்தா நான் பாத்தாலே தெரியும்டா"ன்னேன்.

"எங்க மேனேஜரும் இதையேதான் சொல்றாரு"ன்னு தலையில கைய வெச்சுக்கிட்டான். அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. "அம்மா, நீங்க அளக்கறது புத்திய இல்ல. உங்களுக்குப் பயப்படறாளா, உங்கள மாதிரியே இருக்கறாளான்னு அளக்கறீங்க. உங்க அளவுகோல்ல உங்களுக்கு மட்டுந்தான் நூத்துக்கு நூறு கிடைக்கும்." பெத்து வளத்த அம்மாகிட்ட, படிச்ச புள்ள பேசற பேச்சைப் பாத்தியா? சரி, அப்பிடியேதான் வெச்சுக்கோயேன். எனக்கு நூத்துக்கு நூறு கிடைச்சா அதுல என்ன தப்பு? கிடைக்கற தகுதி இருக்குது, கிடைக்குது. அவளக் கட்டினா இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். மிதிக்கல. சித்திரை போயி, ஆடி போயி, ஆயுத பூசை போயி, தீபாவளி போயிருச்சு. எனக்குப் போன் பண்ணல. அவங்கப்பனுக்குப் பண்ணுவான், அவர் சிக்னல் கிடைக்கலைன்னு சொல்லிக்கிட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் போய்ப் பேசுவார். சாப்பிட்டானான்னு மட்டும் கேளுங்கன்னு ஒரு நாள் நானே சொல்லிட்டேன். அவர் கேக்கறதுக்கு மறந்துட்டு வந்து நிக்கறார். இதெல்லாம் ஒரு மூளை.

இல்ல அம்மிணி, கண்ணுல ஒண்ணுமில்ல. சன்னலை மூடு, தூசி அடிக்குது.

போன வாரம் அந்த மேகலா வந்தா. தனியா, பஸ்சுல. பத்திரிகைகூட அடிக்கல, ரெண்டு வெத்தலை பாக்கு, ஒரு சீப்புப் பழம். "அத்தை, அடுத்த வாரம் கல்யாணம். அவரு கூப்பிடறதுக்குக் கூச்சப்பட்டுட்டு இருக்கறாரு. நான் வந்துட்டேன்"னா. எதிரியா இருந்தாலும் வாசல்ல வந்தவளுக்குக் காப்பி குடுக்காம அனுப்பற பழக்கம் எங்கூட்டுல இல்ல. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்து உக்காந்தேன்.

ஒரு வார்த்தை பேசலாம்னுதான் உக்காந்தேன். என்ற பையன எங்கிட்டேர்ந்து பிரிச்சுட்டயேன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான், எங்கிருந்து வந்துதுன்னு தெரியல, வந்துக்கிட்டே இருக்குது. இவன் வயித்துல இருக்கறப்ப நான் பட்ட பாடு. சின்னதுல இவனுக்குக் காய்ச்சல் வந்து தூக்கிக்கிட்டு ஓடினது. எங்கூட்டுக்காரர் ஒரு நாள் ஒரு சொல்லு நல்லதா சொன்னதில்ல. அந்த வீட்டுல எங்கூடப் பேசறதுக்குன்னு இருந்தது இவன் ஒருத்தன்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்படித் திட்டுல உக்காந்து எல்லாம் சொல்லுவான். நான் சொல்றதையும் கேப்பான். எல்லாத்தையும் சொல்லிட்டேன் அம்மிணி. எதுக்குச் சொன்னேன், யாருகிட்டச் சொல்றேன்னு ஒரு யோசனையில்ல. அழல. நான் எதுக்கு அழறேன்?

பேசி முடிச்சு மூக்கைச் சிந்தறப்பத்தான் வாசம் தெரியுது. பக்கத்து வீட்டுல எவளோ பால விட்டுட்டா போலன்னு நெனச்சேன். ஆமா, அப்பிடித்தான் நெனச்சேன். அப்பத்தான் அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போனா. அடுப்பை அணைச்சா. மேடையத் தொடைச்சா. கருகின ஏனத்துல மிஞ்சியிருந்த பாலைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தி வெச்சா. பிரிட்ஜுலேர்ந்து வேற பால் எடுத்துக் காய்ச்சி, ரெண்டு டம்ளர்ல காப்பி போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்தா.

ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. சொல்லியிருக்கலாம்ல? "அத்தை, உங்க ஒரு காது எங்க போச்சு"ன்னு கேட்டிருக்கலாம்ல? நானா இருந்தா கேட்டிருப்பேன், ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். நானும் விடல. நான் பேசிட்டு இருந்தேன், எனக்குத் தெரியல, அது வேற. நீ சும்மாதானே உக்காந்திருந்த? பால் பொங்கறது உனக்குத் தெரியலையான்னு கேட்டேன்.

"தெரிஞ்சுதுங்க அத்தை. நீங்க பேசிட்டு இருந்தீங்க. நடுவுல எந்திரிச்சா நிறுத்திருவீங்கன்னு தோணுச்சு. பால் போனா வாங்கிக்கலாம்."

கேட்டியா? பால் போனா வாங்கிக்கலாமாம். மாட்டு டாக்டருக்குப் பாலோட அருமை தெரியாதா? ஊதாரி. அந்த ஏனத்தை ஒரு வாரமாத் தேய்க்கறேன், அடியில கறுப்பு போகல.

சேலம், ஜோலார்பேட்டையெல்லாம் எப்ப போச்சு? காட்பாடியுமா போயிருச்சு? நான் பாக்கவே இல்லையே. சரி, இத்தனை நேரம் கேட்டுட்டயில்ல, ஒரு உதவி செய்யி. அந்தப் பொட்டியத் திற. என்ற பையன் பட்டாளம் இந்த வருசம் இதுக்குப் புத்தி வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதில்ல, நானே அளந்து பாத்துடறேன். நான் சொல்றதை அப்பிடியே எழுது. "ஒரு பொம்பள. பேசறதுக்கு ஆளில்லாதவ. உன்னை எதுக்க உக்கார வெச்சு மனசுல இருக்கறதெல்லாம் கொட்டறா. அடுப்புல அவ வெச்ச பால் பொங்குது. நீ என்ன பண்ணுவே?" எழுதிட்டியா? என்ன சொல்லுது, படி. சத்தமாப் படி.

"மெதுவாக எழுந்து சென்று அடுப்பை அணைத்துவிட்டு, உடனே திரும்பி வந்து, அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து கேட்பேன்."

கையை வேற பிடிக்குமா? எந்தக் கைய வெச்சு?

தப்பு. சுழி போடு. பெரிய சுழி. எந்திரிச்சுப் போனா, அது திரும்பி வர்றதுக்குள்ள நான் மொகத்தைத் தொடைச்சுட்டு, காப்பிக்குச் சக்கரை எத்தனைன்னு கேட்டுட்டு நிப்பேன். பொறகு கைய பிடிச்சு என்ன, கால பிடிச்சு என்ன? உக்காரோணும். பொங்கட்டும்னு உக்காரோணும். இது தெரியல, இதுக்கு ஒரு கம்பெனி, ஒரு ஏசி ரூம்பு.

எதுக்குச் சிரிக்கற? எந்திரிச்சாத்தானே பாசுன்னு நானே சொன்னனா? அது வேற பரீட்சை அம்மிணி. இது வேற. உனக்கும் விளங்கல பாரு.

இந்தக் கேள்வியக் கொண்டுபோய் எங்கயும் எழுதி வெச்சுராத. எழுதினா நாளைக்கு இதையும் படிச்சுக்கிட்டு, எவ தும்மினாலும் "நான் உக்காந்து கேக்கறேன் அம்மா, பால் போனாப் போகுது"ன்னு ஆரம்பிச்சுரும். ஊர்ப் பாலெல்லாம் வீணாப் போகும். உன்ற பொட்டியிலேர்ந்தும் அழிச்சுரு. அழிச்சாப் போயிருமா? போகாதா? கெட்டது போ.

பெரம்பூர் வந்தாச்சா? எந்திரி எந்திரி. இல்ல, நான் இங்க எறங்கல, சென்ட்ரல்லதான் எறங்கறேன், வில்லிவாக்கம் போகல. நாத்தனா வீட்டுல போய் உக்காந்தா அவ வேற கேள்வி கேட்டே கொன்னுருவா. அந்தப் பையைப் பாத்து எடு, சாய்க்காத. உள்ள புதுப் பால் ஏனம், பித்தளை, ஈயம் பூசினது. அதுங்க ரெண்டும் சேந்து வாடகைக்கு வீடு பாத்திருக்குதாம். நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசு முடிஞ்சதும் அங்க போய்ப் பால் காய்ச்சோணும். குடி போற அன்னிக்குப் பால் நல்லாப் பொங்கி வழியோணும், அதுகூட அந்தப் படிச்ச மூளைங்களுக்குத் தெரியாது. அடுப்புகிட்ட நான் நிப்பேன். அந்த மாட்டு டாக்டரு உக்காந்து அவன்கூடப் பேசிட்டு இருக்கட்டும், எந்திரிக்க வேண்டா.